பல் மருத்துவர் பதில்: வாய்நாற்றத்துக்குக் கேஸ் மாத்திரை எதற்கு?

கேள்வி: எனக்கு 41 வயது. பெண்களுக்கான தையல்கடை வைத்திருக்கிறேன். மூன்று வருடமாக வாய்நாற்றம் இருக்கிறது. எனக்கே தெரியவில்லை, கல்லூரியில் படிக்கும் மகள்தான் ஒருநாள், "அம்மா, கொஞ்சம் தள்ளி நின்னு பேசுங்களேன்" என்றாள். ரவிக்கைக்கு அளவெடுக்கும்போது வருகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வதை அதற்கப்புறம்தான் கவனித்தேன். இப்போது மாஸ்க் போட்டுக்கொண்டுதான் அளவெடுக்கிறேன். கணவரிடம் கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்லை" என்கிறார். வயிற்றுப்புண் இருந்தால் இப்படி வரும் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். மெடிக்கலில் கேட்டு இரண்டு வருடமாகத் தினமும் கேஸ் மாத்திரை போடுகிறேன். பலனில்லை. பிரஷ் வைத்தால் ஈறில் ரத்தம் வருகிறது. அதனால் பிரஷை விட்டுவிட்டுப் பல்பொடியை விரலில் தொட்டுத் தேய்க்கிறேன். கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றுக்கு ஆறு வருடம் முன்பு வேர் சிகிச்சை செய்து கேப் போட்டார்கள். இப்போது அந்த இடத்தில் சாப்பாடு சிக்குகிறது. துணித் தூசி ஒத்துக்கொள்ளாததால் இரவில் அலர்ஜி மாத்திரை போடுவேன். பல் க்ளீன் செய்யலாம் என்றால், பல்லெல்லாம் ஆடிப்போகும் என்று மாமியார் சொல்கிறார். என் அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. எனக்கு வயிற்றில்தான் கோளாறா? எந்த மவுத்வாஷ் நல்லது? பெயர் போட வேண்டாம்.

பதில்: பெயரைப் போடவில்லை, ஊரையும் எடுத்துவிட்டேன். உங்கள் கடிதத்தில் ஒரு வரியில் நின்றுவிட்டேன். ரத்தம் வருகிறது என்பதால் பிரஷை விட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி. வாயைப் பார்க்காமல் எந்தப் பல் மருத்துவரும் முடிவாகச் சொல்லக் கூடாது, நானும் சொல்லவில்லை. ஆனால் 22 வருடமாக இதே கதையை வெவ்வேறு வாய்களிலிருந்து கேட்டுவருகிறேன். உங்கள் தொல்லையின் பெரும்பகுதி ஈறில் இருக்கிறது என்று பந்தயம் கட்டத் தயார்.

முதலில் வயிற்றை ஒதுக்கிவிடுவோம். வாய்நாற்றம் என்று வருகிறவர்களில் பத்துக்கு எட்டு, ஒன்பது பேருக்குக் காரணம் வாய்க்குள்ளேயே இருக்கும். வயிறு என்பது கீழே கொதிக்கிற அடுப்பு, வாய் அதன் புகைபோக்கி என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உணவுக்குழாய் அப்படித் திறந்து கிடக்கும் குழாய் அல்ல. விழுங்காத நேரத்தில் அது காற்றுப்போன சைக்கிள் ட்யூப் மாதிரி ஒட்டிக்கிடக்கும். மேல் முனையிலும் கீழ் முனையிலும் தசை வளையங்கள் இறுக்கிப் பிடித்திருக்கும். ஏப்பம் வரும்போது ஒரு நொடி திறக்கும், அவ்வளவுதான். நெஞ்செரிச்சலும் புளித்த எதுக்களிப்பும் அடிக்கடி வருகிறவர்களுக்கு வயிற்றின் பங்கு கொஞ்சம் இருக்கலாம். உங்கள் கடிதம் முழுக்கத் தேடினேன், நெஞ்செரிச்சல் என்ற சொல்லே இல்லை.

கல்யாணச் சமையல் செய்கிற ஒருவர் சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்தார். வாய் நாறுகிறது என்று இரண்டு முறை எண்டோஸ்கோபி செய்து பார்த்திருந்தார். அந்த அறிக்கைகளை நாற்காலியில் உட்காரும் முன்பே என் கையில் கொடுத்தார். நான் அவற்றை மேஜையில் வைத்துவிட்டு மேல்வாய்ப் பல்செட்டைக் கழற்றச் சொன்னேன். "இதைக் கழற்றலாமா?" என்று கேட்டார். போட்ட நாளிலிருந்து, இரவு தூங்கும்போதுகூட, அவர் அதைக் கழற்றியதே இல்லை. மேற்கொண்டு எதுவும் எழுத வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். பல்செட் வைத்திருப்பவர்கள் இரவில் அதைக் கழற்றி, பிரஷால் தேய்த்துக் கழுவி, தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். உங்களுக்கு அது இல்லை. உங்கள் மாமியாருக்கு இருந்தால் சொல்லுங்கள்.

கேஸ் மாத்திரையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு நாளைக் காலையே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வருடக்கணக்கில் போட்டதைச் சட்டென்று நிறுத்தினால் சிலருக்கு அமிலம் கூடுதலாகச் சுரந்து சில நாள் நெஞ்சு எரியும். உடனே "பார்த்தீர்களா, வயிற்றுப்புண்தான்" என்று பக்கத்துக் கடைக்காரர் மறுபடி வந்துவிடுவார். ஒரு பொது மருத்துவரிடம் அட்டையைக் காட்டி, எப்படிக் குறைப்பது என்று கேட்டு நிறுத்துங்கள்.

சரி, அப்படியானால் நாறுவது எது?

காற்று புகாத இடுக்குகளில் வாழ்கிற பாக்டீரியாக்கள் நம் எல்லோர் வாயிலும் இருக்கின்றன. அவற்றுக்குப் புரதம் வேண்டும். சாப்பாட்டுத் துணுக்கு, உள் கன்னத்திலிருந்து உதிர்கிற தோல் செல்கள், தொண்டைக்கு இறங்கும் சளி, ஈறிலிருந்து கசிகிற ரத்தம், எது கிடைத்தாலும் அவை சிதைக்கும். சிதைக்கும்போது கந்தகம் கலந்த வாயுக்கள் வெளிவரும். ஹைட்ரஜன் சல்பைடு என்பது அழுகிய முட்டையின் வாடை. மெத்தில் மெர்காப்டன் அழுகிய முட்டைக்கோஸ் வாடை. சமையல் சிலிண்டர் கசிந்தால் உடனே தெரிய வேண்டும் என்று அந்த எரிவாயுவில் ஒரு நெடியைச் சேர்க்கிறார்களே, அதுவும் இந்த மெர்காப்டன் குடும்பம்தான். துளியளவு இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும் என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். வாயிலும் அதே கதைதான். அளவு மிகக் கொஞ்சம். எதிரில் நிற்பவருக்கு அது போதும். நமக்கு மட்டும் தெரியாது, ஏனென்றால் நாள் முழுக்க முகர்கிற வாடையை மூக்கு கணக்கில் எடுப்பதை விட்டுவிடும். உங்களுக்கே தெரியவில்லை என்று நீங்கள் வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

இப்போது ரத்தத்துக்கு வருகிறேன். ஈறில் ரத்தம் வருவது பிரஷ் குத்தியதால் அல்ல. அந்த இடம் ஏற்கெனவே வீங்கிப் புண்பட்டிருக்கிறது. பிரஷ் பட்டதும் காட்டிக்கொடுக்கிறது. வீங்கக் காரணம் பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் படியும் மெல்லிய, கொழகொழப்பான படலம். 1965-இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் துலக்குவதை அடியோடு நிறுத்தச் சொன்னார்கள். பெரும்பாலோர் பல் மருத்துவ மாணவர்கள். பாவம், மாணவர்கள்தானே எதற்கும் கிடைப்பார்கள். 10 நாளிலிருந்து 21 நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்க ஆரம்பித்ததும் ஒரு வாரம் போல ஆனபோது பழைய நிலைக்குத் திரும்பிவிட்டார்கள். எங்கள் துறையில் இவ்வளவு எளிமையான, இவ்வளவு தெளிவான சோதனை வேறு இல்லை என்பேன்.

அவர்கள் மூன்று வாரம் மட்டும் விட்டதை நீங்கள் இன்னும் விட்டபடியே இருக்கிறீர்கள். ரத்தம் வந்தது, பிரஷை நிறுத்தினீர்கள், படலம் கூடியது, வீக்கம் கூடியது, இப்போது விரல் பட்டாலே ரத்தம் வரும். ரத்தமும் புரதம் என்பதால் பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். விரலில் பல்பொடி தொட்டுத் தேய்த்தால் பல்லின் முகம் துலங்கும். இரண்டு பல்லுக்கு நடுவிலும் ஈறோரத்திலும் விரல் போகாது. உங்கள் தொழிலில் சொன்னால், துணியின் மேல்பக்கத்தை மட்டும் இஸ்திரி போட்டுவிட்டு மடிப்பை அப்படியே விடுவது மாதிரி. கரகரப்பான பொடியாக இருந்தால் பல்லின் கழுத்தும் தேய்ந்து கூச்சம் வேறு வந்துசேரும்.

துலக்கி எடுக்காத படலத்தில் எச்சிலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து படிந்து, ஓரிரு நாளிலேயே இறுகத் தொடங்கும். மக்கள் இதைக் 'கறை' என்பார்கள். டீக்கறை, வெற்றிலைக் கறை வேறு, இது காரை. பழைய வீட்டுச் சுவரில் பூசிய காரை எப்படியோ அப்படி. ஒருமுறை இறுகிவிட்டால் எந்தப் பிரஷும் எந்தப் பேஸ்டும் பெயர்க்காது. அது ஈறுக்கு அடியிலும் இறங்கினால் ஈறு பல்லைவிட்டுப் பிரிந்து நடுவில் ஒரு பை உண்டாகும். பாக்கெட் என்றே நாங்களும் சொல்வோம். உங்களிடம் டேப் இருப்பது போல எங்களிடம் மில்லிமீட்டர் கோடு போட்ட ஒரு மெல்லிய கம்பி இருக்கிறது. அதைப் பல்லோரத்தில் விட்டு அளப்போம். 3 மில்லிமீட்டர் வரை சரி. 4, 5, 6 என்று போனால் அதற்குள் என்ன தேங்கியிருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். காற்றுப் போகாத, ரத்தம் கசிகிற, பிரஷ் எட்டாத பை. வாடைக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது.

க்ளீன் செய்தால் பல் ஆடும் என்று உங்கள் மாமியார் சொன்னது அவருடைய கண்டுபிடிப்பு அல்ல. தமிழ்நாடு முழுக்க எல்லா மாமியார்களும் சொல்வதுதான். அதில் ஒரு சின்ன உண்மையும் ஒளிந்திருப்பதால்தான் சாகாமல் இருக்கிறது. நோய் முற்றி, பல்லைத் தாங்கும் எலும்பே கரைந்த பிறகு, காரைக்கட்டிகள் பக்கத்துப் பல்லோடு பல்லை ஒட்டிப் பிடித்து வைத்திருக்கும். அதை எடுத்ததும் பல் ஆடுவது தெரியும். தையல் பிரிந்த இடத்தைக் குண்டூசி குத்தி நிறுத்தியிருக்கிறார்கள் என்று வையுங்கள். குண்டூசியை எடுத்ததும் துணி பிளந்தால், பிரித்தது குண்டூசியை எடுத்த கையா? க்ளீனிங் கருவியின் முனை நொடிக்கு 25,000 முறை அளவில் அதிர்ந்து காரையை உதிர்க்கும். கூடவே தண்ணீர் பீய்ச்சும். பல்லைச் சுரண்டாது. முடிந்த பிறகு நாலைந்து நாள் குளிர்ந்த தண்ணீர் கூசலாம். வீக்கம் வற்றியதும் பல்லுக்கு நடுவே இடைவெளி விழுந்த மாதிரி நாக்குக்குத் தோன்றும். அங்கே முன்பு காரையும் வீங்கிய ஈறும் இருந்தன, அவ்வளவுதான். பை ஆழமாக இருந்தால் ஒரே நாளில் முடியாது. மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் இரண்டு மூன்று தடவையாகச் சுத்தம் செய்வார்கள். செலவை நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் பல் பிரிவு இருக்கிறது. சென்னைக்குப் பக்கத்தில் இருந்தால் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வரிசை நீளம்தான், ஆனால் வேலை ஒழுங்காக நடக்கும்.

அடுத்து அந்தக் கேப். ஆறு வருடமாக இருந்த கேப்பில் இப்போது சாப்பாடு சிக்குகிறது என்றால், ஓரம் விலகியிருக்கலாம், பக்கத்துப் பல்லில் சொத்தை விழுந்திருக்கலாம், அல்லது இரண்டுக்கும் நடுவே இருந்த நெருக்கம் தளர்ந்திருக்கலாம். வேர் சிகிச்சை செய்த பல்லுக்கு உணர்வு இல்லாததால் கேப்புக்கு அடியில் அழுகினாலும் வலிக்காது. வலியில்லை என்பதால் நீங்களும் விட்டிருப்பீர்கள். ஒரு எக்ஸ்ரே எடுத்தால் விஷயம் தெரிந்துவிடும். சிக்கியதைக் குண்டூசியால் குத்தி எடுக்கும் பழக்கம் உங்களுக்கு இருக்கிறதா என்று எழுதவில்லை. தையல்காரர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் கேட்கிறேன். இருந்தால் வேண்டாம்.

எச்சில் வற்றுவதைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. எனக்கு அதுதான் அடுத்த சந்தேகம். நல்ல நிலையில் இருக்கும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை எச்சில் சுரக்கும். வாயைக் கழுவிக்கொண்டே இருக்கும் தண்ணீர் அது. தூங்கும்போது அது ஏறக்குறைய நின்றுவிடும். காலையில் எழுந்ததும் எல்லோர் வாயும் நாறுவது அதனால்தான், அது நோயல்ல. உங்களுக்குப் பகலிலும் வற்றுகிறது என்று நினைக்கிறேன். அலர்ஜி மாத்திரைகள் வாயை உலர்த்தும். தூசியில் மூக்கடைத்தால் வாயால் மூச்சு விடுவீர்கள், அதுவும் உலர்த்தும். மாஸ்க் போட்டவர்களில் பலரும் தங்களை அறியாமல் வாயால்தான் மூச்சு விடுகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. கேட்கச் சங்கடமாக இருக்கலாம், ஆனாலும் கேட்கிறேன். கடையில் கழிவறை இருக்கிறதா? தையல்கடை, ஜவுளிக்கடைகளில் வேலை பார்க்கிற பெண்கள் என்னிடம் நிறையப் பேர் வருகிறார்கள். காலையில் ஒரு டம்ளர், மதியம் ஒரு டம்ளர், அதற்குமேல் தண்ணீர் குடிப்பதில்லை; ஏனென்று நான் சொல்ல வேண்டியதில்லை. நடுவில் சர்க்கரை போட்ட டீ மட்டும் நாலைந்து தடவை. வாய் உலர்ந்து, அதன்மேல் பாலும் சர்க்கரையும் ஒட்டிக்கிடந்தால் எப்படி இருக்கும்? தண்ணீர் குடியுங்கள் என்று சொல்லிவிடுவது எனக்குச் சுலபம். முடியாத நேரத்தில், டீ குடித்ததும் ஒரு வாய் தண்ணீரால் கொப்பளித்துத் துப்புங்கள்; அதற்குக் கழிவறை வேண்டாம். சர்க்கரை சேர்க்காத சூயிங்கம் மென்றால் எச்சில் ஊறும். ஏலக்காய், கிராம்பு, சோம்பு மெல்வதில் தவறில்லை, ஆனால் அவை கொஞ்ச நேரம் வாடையை மூடும், போக்காது. அலர்ஜி மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். எழுதிக் கொடுத்தவரிடம் வாய் உலர்கிறது என்று சொல்லுங்கள். மாற்று வழி இருக்கும்.

நாக்கு. நம் ஊரில் நாக்கு வழிப்பது பழைய பழக்கம், அதனால் சுருக்கமாக முடிக்கிறேன். பெரும்பாலோர் நுனியையும் நடுவையும் வழித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். வாடை இருப்பது பின்பக்கத்தில், குமட்டல் வருகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால். அங்கே மாவு பூசியது போல வெள்ளையாகவோ மஞ்சளாகவோ படிந்திருக்கும். நாக்கை வெளியே நீட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு, பின்னாலிருந்து முன்னுக்கு நாலைந்து இழுப்பு போதும். ஸ்டீலோ செம்போ பிளாஸ்டிக்கோ எதுவானாலும் சரி. ரத்தம் வருகிற அளவுக்குச் சுரண்டாதீர்கள்.

உங்கள் கடைசிக் கேள்வி, மவுத்வாஷ். லிஸ்டரினை எடுத்துக்கொள்ளுங்கள். 1879-இல் அமெரிக்காவில் அறுவை சிகிச்சைக்கான கிருமிநாசினியாகத் தயாரித்தார்கள். பிறகு 1920-களில் அதன் விளம்பரங்கள் 'ஹாலிடோசிஸ்' என்று மருத்துவப் புத்தகத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெயரை எடுத்து, வாய் நாறினால் கல்யாணமே நடக்காது என்ற மாதிரி பயமுறுத்தி விற்றன. விற்பனை எங்கேயோ போய்விட்டது. அதற்காக மவுத்வாஷ் மோசம் என்று சொல்லவில்லை. அடியில் காரை இருக்கும்போது மேலே மவுத்வாஷ் ஊற்றுவது, அழுக்குச் சட்டைக்கு சென்ட் அடிப்பது போலத்தான்.

க்ளீனிங் முடிந்ததும் உங்களுக்குக் குளோர்ஹெக்சிடின் கலந்த மவுத்வாஷ் எழுதிக் கொடுப்பார்கள் என்று நினைக்கிறேன். நம் கடைகளில் பெரும்பாலும் 0.2 சதவீதத்தில் கிடைக்கும். 10 மில்லி, ஒரு நிமிடம், காலையும் இரவும். பல் துலக்கிய உடனே வேண்டாம். பேஸ்ட்டின் நுரைப்பொருள் அதன் வேலையைக் கெடுக்கும், அரை மணி நேரம் விட்டுக் கொப்பளியுங்கள். இரண்டு வாரத்துக்குமேல் நீங்களாகத் தொடர வேண்டாம். பல்லில் பழுப்பு நிறம் ஏறும், நாக்கில் ருசி மாறும். பாட்டில் தீர்ந்ததும் இன்னொன்று வாங்கி வருடக்கணக்கில் கொப்பளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பல் ஏன் கறுத்துவிட்டது என்று அப்புறம் என்னிடமே வருகிறார்கள். நாள்பட உபயோகிக்க ஒன்று வேண்டுமென்றால் துத்தநாகம், அதாவது ஜிங்க், சேர்ந்ததாகப் பாருங்கள். அது கந்தக வாயுவைப் பிடித்துக் கட்டிவிடும். சாராயம் கலந்தது வாய் உலர்கிற உங்களுக்கு ஏற்றதல்ல. நல்லெண்ணெய் கொப்பளிப்பதைப் பற்றியும் யாராவது சொல்வார்கள். கொப்பளியுங்கள், கெடுதலில்லை. பிரஷுக்குப் பதிலாக மட்டும் வேண்டாம்.

வீட்டில் செய்ய வேண்டியது இதுதான். மென்மையான நார் உள்ள ஒரு புதுப் பிரஷ் வாங்குங்கள். ஃப்ளோரைடு உள்ள சாதாரண பேஸ்ட் போதும், பட்டாணி அளவு. நாரைப் பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் சாய்வாக வைத்து, அழுத்தாமல், குட்டிக் குட்டியாக அசையுங்கள். ஓவர்லாக் அடிப்பது போல ஓரத்தை விடாமல் போக வேண்டும். இரண்டு நிமிடம். காலையில் ஒருமுறை, இரவு படுக்கும் முன் ஒருமுறை; இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் இரவைத் தேர்ந்தெடுங்கள். முதல் வாரம் ரத்தம் வரும். வாஷ்பேசினில் சிவப்பைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள், போன தடவை நிறுத்தியது அங்கேதான். அடியில் காரை இருக்கும் வரை ரத்தம் முழுக்க நிற்காது என்பதால், க்ளீனிங்குக்கு நாள் குறித்துக்கொண்டே தொடங்குங்கள்.

பல்லிடுக்குக்கு ஃப்ளாஸ் என்று ஒரு நூல் மருந்துக்கடையில் கிடைக்கும். மற்றவர்களுக்கு இதைக் கற்றுக்கொடுக்க எனக்கு அரை மணி நேரம் ஆகும். நூலோடு பிழைக்கிற உங்களுக்கு அரை நிமிடம் போதும். கடையில் இருக்கிற தையல் நூலையே எடுத்துவிடலாம் என்று தோன்றும், தோன்றக் கூடாது. அது ஈறை அறுக்கும். இடுக்கு பெரிதாக இருந்தால் பாட்டில் கழுவும் பிரஷைக் குட்டியாக்கியது போல ஒரு பிரஷ் இருக்கிறது, அது இன்னும் நல்லது. கேப் போட்ட பல்லுக்குப் பக்கத்தில் ஃப்ளாஸை விட்டு எடுத்து முகர்ந்து பாருங்கள். மற்ற இடத்தில் விட்டதையும் முகருங்கள். எந்த இடத்துச் சரக்கு அதிகம் நாறுகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். நான் கேட்பதற்கு முன்பே இதைச் செய்துவிட்டு வருகிற நோயாளிகள் எனக்குப் பிடித்தமானவர்கள்.

சர்க்கரையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். 41 வயது, அம்மாவுக்குச் சர்க்கரை, ஈறில் தீராத வீக்கம், இந்த மூன்றும் சேர்ந்தால் நான் முதலில் எழுதுவது ரத்தப் பரிசோதனைதான். சர்க்கரை கூடினால் ஈறு நோய் முற்றும், வாய் உலரும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையும் கட்டுக்குள் வராமல் அடம்பிடிக்கும். ஈறு வீக்கத்துக்காக வந்து, தனக்குச் சர்க்கரை இருப்பதையே எங்கள் நாற்காலியில் தெரிந்துகொண்டு போனவர்கள் பலர்.

ஈறு, கேப், நாக்கு எல்லாம் சரியான பிறகும் வாடை இருந்தால் அப்போது வேறு இடம் தேடலாம். தும்மல், மூக்கடைப்பு இருக்கிற உங்களுக்கு அடுத்த இடம் காது மூக்கு தொண்டை மருத்துவர். சைனஸ் சளி தொண்டையில் இறங்கினாலும், டான்சில் குழிகளில் வெள்ளையாகக் கட்டி சேர்ந்தாலும் நாறும். சர்க்கரை மிக ஏறி உடம்பு தடுமாறும்போது மூச்சில் பழவாடை, சிறுநீரகம் செயலிழந்தால் அமோனியா வாடை என்றெல்லாம் படித்திருப்பீர்கள். உண்மைதான். ஆனால் அந்த நிலையில் இருப்பவர் உட்கார்ந்து ரவிக்கை தைத்துக்கொண்டிருக்க மாட்டார்.

வாடையே இல்லாதபோதும் அது இருப்பதாக நினைத்து வதைபடுகிறவர்களும் உண்டு. எதிரில் இருப்பவர் தற்செயலாக மூக்கைத் தொட்டாலே தன்னால்தான் என்று நினைப்பார்கள். அவர்களுக்கு மனநல மருத்துவரின் உதவி வேண்டும், என்னுடைய உதவி அல்ல. நீங்கள் அந்த ரகம் இல்லை, ஏனென்றால் மகள் சொல்லியிருக்கிறாள். கணவர் "ஒண்ணுமில்லை" என்றதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் முகம் வாடுவதைப் பார்க்க முடியாமல் சொன்ன பொய் அது. ஆனால் சிகிச்சை பலிக்கிறதா என்று பார்க்க ஒரு மூக்கு வேண்டும், அதற்கு மகளையே வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், ஒரு முழம் தள்ளி நின்று பேசிக்காட்டி, பூஜ்யத்திலிருந்து ஐந்துக்குள் ஒரு மார்க் போடச் சொல்லுங்கள். நாங்களும் மருத்துவமனையில் மூக்கை வைத்து அப்படித்தான் மார்க் போடுகிறோம். கருவிகளும் இருக்கின்றன, ஆனால் மூக்கை மிஞ்சியது இன்னும் வரவில்லை.

கூடவே, அளவெடுக்கும்போது குண்டூசியை உதட்டில் கவ்விக்கொள்வதும், நூலை முன்பல்லால் கடித்து அறுப்பதும் வேண்டாம். ஊசி தொண்டைக்குள் போய்விடலாம் என்பது ஒன்று. வருடக்கணக்கில் நூல் கடித்துக் கடித்து முன்பல்லின் விளிம்பில் குழி விழுந்த தையல்காரர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கண்ணாடியில் பாருங்கள், உங்களுக்கும் இருக்கலாம்.

பல் மருத்துவரிடம் போகிற அன்று காலை ஏலக்காய், மவுத்வாஷ், வாசனைத் தைலம் எதுவும் வேண்டாம். வாடை இருந்தால்தான் அவருக்குப் பிடிபடும். கேஸ் மாத்திரை அட்டையையும் அலர்ஜி மாத்திரை அட்டையையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். மாஸ்க்கைப் போட்டுக்கொண்டே போகலாம், நாற்காலியில் உட்கார்ந்ததும் எப்படியும் கழற்றச் சொல்லிவிடுவார்கள்.